தையல் மெஷின் ஊசி: எந்தத் துணிக்கு எது, எந்த நூலுக்கு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊசியை மாற்றினாலே தீர்ந்துவிடும் கோளாறுக்காக மெஷினையே கழற்றிப் போடுகிறவர்கள் ஏராளம். தையல் விட்டு விட்டு விழுவது, நூல் அறுவது, துணி சுருங்குவது, தையல் ஓரத்தில் பொத்தல் விழுவது ஆகிய நான்கிலும் முதலில் பார்க்க வேண்டியது ஊசியைத்தான். ஊசித் தேர்வில் மூன்று முடிவுகள் உண்டு. தலைப்பகுதியை மெஷின் முடிவு செய்கிறது. முனையைத் துணி முடிவு செய்கிறது. பருமனைப் பெரும்பாலும் நூல் முடிவு செய்கிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு "காட்டனுக்கு ஒரு ஊசி கொடுங்கள்" என்று கேட்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஊசி உறையில் 90/14 என்று இரண்டு எண் போட்டிருக்கிறதே, எது அளவு?

இரண்டும் ஒரே அளவுதான். 90 என்பது ஊசித் தண்டின் விட்டம்: 0.90 மி.மீ. 14 என்பது பழைய வழக்கிலிருந்து வந்த வரிசை எண். அதை மில்லிமீட்டராகவோ அங்குலமாகவோ மாற்ற முடியாது. வீட்டு மெஷினில் புழங்கும் அளவுகள் 60/8, 65/9, 70/10, 75/11, 80/12, 90/14, 100/16, 110/18. எண் கூடக்கூட ஊசி தடிக்கும். நூலில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, எண் கூடக்கூட நூல் மெலியும். புதிதாகத் தைக்கத் தொடங்குகிறவர்கள் தடுமாறும் இடம் இது.

என் மெஷினுக்கு எந்த வகை ஊசி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இப்போது மாட்டியிருக்கும் ஊசியைக் கழற்றி அதன் தலைப்பகுதியைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் அது அநேகமாக வீட்டு மெஷின் ஊசி. உறையில் 130/705 எச் என்றோ, 15×1 என்றோ, எச்ஏ×1 என்றோ இருக்கும். மூன்றும் ஒரே ஊசிக்கு வெவ்வேறு பெயர்கள்.

தலை முழு உருண்டையாக இருந்தால் அது தொழிற்கூட மெஷினுக்கானது. ஒற்றை ஊசி லாக்ஸ்டிச் (மேல்நூலும் அடிநூலும் பின்னிக்கொள்ளும் தையல்) மெஷினில் பெரும்பாலும் 16×231 அல்லது 135×5 போடுவார்கள். முதலாவதை டிபி×1 என்றும் இரண்டாவதை டிபி×5 என்றும் சொல்வதுண்டு. தமிழில் எழுதினால் இரண்டின் முன்னெழுத்தும் ஒன்றாகவே தெரியும், ஆங்கிலத்தில்தான் எழுத்து வேறு. அதனால் கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்பதே நல்லது. முதலாவதன் தலை 1.62 மி.மீ. விட்டம், இரண்டாவதன் தலை 2 மி.மீ. தடித்த தலைக்கான துளையில் மெல்லிய தலை உள்ளே போய்விடும். ஆனால் திருகை இறுக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். தையலும் விடும், அடியில் சுழன்று மேல்நூலைப் பிடிக்கும் கொக்கியும் உரசும். மெல்லிய தலைக்கான துளையிலோ தடித்தது நுழையவே நுழையாது.

தொழிற்கூட ஓவர்லாக்கில் (துணி ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் மெஷின்) டிசி×27 பரவலாகப் புழங்குகிறது. வீட்டு ஓவர்லாக் மெஷின்களில் சிலவற்றுக்குச் சாதாரண 130/705 போதும், சிலவற்றுக்கு இஎல்×705 வேண்டும். மெஷின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முடிவு. "கிட்டத்தட்ட இதே நீளம்தான்" என்ற பேச்சை ஊசி விஷயத்தில் நம்ப வேண்டாம்.

ஊசியை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது?

ஊசியில் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒரு பக்கம் மேலிருந்து காது வரை நீளமான பள்ளம் ஓடும். மேல்நூல் அந்தப் பள்ளத்தில் ஒடுங்கித்தான் துணிக்குள் இறங்குகிறது. மறுபக்கம் காதுக்குச் சற்று மேலே ஒரு குழிவு இருக்கும். அந்தக் குழிவுக்குப் பக்கத்தில்தான் நூல் வளையமாகிறது, கொக்கி வந்து அதைப் பிடிக்கிறது. ஆகவே எந்த மெஷினாக இருந்தாலும் விதி ஒன்றே: குழிவு கொக்கியைப் பார்க்க வேண்டும், நூல் பள்ளத்தின் பக்கமிருந்து காதுக்குள் போக வேண்டும்.

முன்னிருந்து பின்னாக நூல் கோக்கும் வீட்டு மெஷினில் தட்டைப் பக்கம் பின்னால் வரும். தொழிற்கூட லாக்ஸ்டிச்சில் நீளப் பள்ளம் இடப்பக்கம், குழிவு வலப்பக்கம். பக்கவாட்டில் நூல் கோக்கும் பழைய மெஷின்களில் தட்டைப் பக்கமும் பக்கவாட்டில்தான் வரும்.

மாட்டும் முறை:

1. மின்சாரத்தை நிறுத்துங்கள். சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கம் சுற்றி ஊசிக் கம்பியை உச்சிக்குக் கொண்டுவாருங்கள்.
2. மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்துக்கு அடியில் ஒரு துண்டுத் துணி வையுங்கள். ஊசி நழுவினால், அது இறங்கும் தகட்டின் துளைக்குள் விழாது.
3. திருகை ஒரு சுற்று தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம்.
4. புது ஊசியை மேலே முட்டும்வரை தள்ளுங்கள். முட்டிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு திருகை இறுக்குங்கள்.
5. சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே மிதியுங்கள்.

நான்காவது படியில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் இறங்கி நின்றாலும் கொக்கி வரும் நேரத்தில் வளையம் அங்கே இருக்காது. உருண்டைத் தலை ஊசியில் இன்னொரு தொல்லை, அது எந்தப் பக்கமும் திரும்பும். காதுக்குள் ஒரு குண்டூசியை நுழைத்துப் பிடித்தால் அது காட்டும் திசையை வைத்து நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

யுனிவர்சல், பால் பாயின்ட், மைக்ரோடெக்ஸ் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

முதலில் துணியைப் பாருங்கள். நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கூர்மையான முனை இழையைத் துளைத்துப் போனாலும் பெரிய சேதமில்லை. பின்னல் துணி, அதாவது பனியன் துணி, முழுக்க வளையங்களால் ஆனது. ஒரு வளையத்தின் இழை அறுந்தால் வரிசையாக அவிழும். அதனால் அங்கே இழையைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு இடையில் நுழையும் மழுங்கிய முனை வேண்டும்.

யுனிவர்சல் முனை இரண்டுக்கும் நடுவானது, நுனி லேசாக உருண்டிருக்கும். சாதாரண நெய்த துணிக்கு நன்றாகவே தைக்கும். பின்னல் துணியிலும் ஓரளவு ஒப்பேற்றும், ஆனால் அங்கே அதை நம்பியிருக்க வேண்டாம்.

பால் பாயின்ட் அல்லது ஜெர்சி ஊசியில் நுனி நன்றாக உருண்டிருக்கும். உறையில் எஸ்யூகே என்று இருந்தால் அதுதான். எஸ்இஎஸ் என்றால் அதைவிட லேசான உருண்டை, மெல்லிய பின்னலுக்கு.

ஸ்ட்ரெச் ஊசியும் உருண்ட நுனிதான். கூடவே காதும் குழிவும் தனியாக வடிவமைக்கப்பட்டிருக்கும். லைக்ரா, நீச்சலுடைத் துணி, எலாஸ்டிக் போன்றவற்றுக்கு இது வேண்டும்.

மைக்ரோடெக்ஸ் மெலிந்த, கூர்மையான முனை. பட்டு, மைக்ரோஃபைபர், பூச்சுத் துணி, அடர்த்தியாக நெய்த துணி இவற்றில் யுனிவர்சல் ஊசி இழையைத் தள்ளிக்கொண்டு வளைந்து போகும். மைக்ரோடெக்ஸ் நேர்கோட்டில் தைக்கும். சட்டைக் காலரின் மேல்தையல் பாம்புபோல் நெளிகிறது என்றால் கையைக் குறை சொல்லும் முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

ஜீன்ஸ் ஊசியின் தண்டு வலுவானது, எளிதில் வளையாது. டாப்ஸ்டிச் (மேலே தெரியும் அலங்காரத் தையல்) ஊசியின் சிறப்பு நீண்ட காது. எம்பிராய்டரி ஊசிக்கும் காது பெரிது. தோல் ஊசியின் நுனி கத்திபோல் வெட்டும். குவில்டிங் ஊசியின் நுனி சரிவாக மெலிந்து வரும், அடுக்கடுக்கான பருத்தித் துணிக்கும் பஞ்சுக்கும் ஏற்றது.

துணி வாரியாக அளவு சொல்லுங்களேன்.

இவை சாதாரண தையல் நூலோடு தைக்கும்போது பொருந்தும் தொடக்க அளவுகள். மீந்த துண்டில் தைத்துப் பார்த்து ஓர் அளவு மேலோ கீழோ நகர்த்திக்கொள்ளுங்கள்.

- சிஃபான், ஜார்ஜெட், மல்மல், மெல்லிய பட்டு: 60/8 முதல் 70/10, மைக்ரோடெக்ஸ் அல்லது யுனிவர்சல்
- பாப்ளின், சட்டைத் துணி, மெல்லிய லினன்: 70/10 முதல் 80/12, யுனிவர்சல்
- பேன்ட் துணி, ட்வில், திரைச்சீலை: 80/12 முதல் 90/14, யுனிவர்சல்
- டெனிம்: 90/14 அல்லது 100/16, ஜீன்ஸ்
- கேன்வாஸ், தடித்த பைத் துணி: 100/16 அல்லது 110/18, ஜீன்ஸ்
- பனியன் துணி: 75/11 அல்லது 80/12, பால் பாயின்ட்
- லைக்ரா கலந்தவை: 75/11, ஸ்ட்ரெச், தடித்திருந்தால் 90/14
- மழைக்கோட்டுத் துணி: 70/10 அல்லது 80/12, மைக்ரோடெக்ஸ்

மழைக்கோட்டில் ஒவ்வொரு குத்தும் தண்ணீர் கசியும் ஒரு துளை. ஊசி மெலிய வேண்டும், தையல் நீளம் கூட வேண்டும், பிரித்துத் தைப்பதைத் தவிர்க்க வேண்டும். குண்டூசி குத்துவதையும் ஓரத் தையல் விளிம்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நூலுக்கு ஏற்ற ஊசி என்கிறீர்கள். துணிக்கு ஏற்றதைப் போட்டால் போதாதா?

பெரும்பாலான நேரம் போதும், ஏனென்றால் மெல்லிய துணிக்கு மெல்லிய நூலைத்தான் எடுப்போம். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பிரச்சினை. நடுத்தரத் துணியில் தடித்த அலங்காரத் தையல் போடுகிறீர்கள் என்று வையுங்கள். துணிக்கு 80 போதும். நூலோ 80-இன் காதில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு போகும். ஒரே தையலுக்குள் நூலின் அதே இடம் காதின் வழியே பலமுறை மேலும் கீழும் போய்வருகிறது. காது இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் உரசி, பிரிபிரியாகி, கடைசியில் அறும். நூலில் பிசிறு சுருண்டு காதுக்கு மேலே குஞ்சம் கட்டியதுபோல் நிற்கிறதா? ஊசி சிறியது என்று பொருள்.

மாறாக, மெல்லிய நூலைத் தடித்த ஊசியில் கோத்தால் நூல் காதுக்குள் அலையும், வளையம் ஒழுங்காக உருவாகாது. துளை பெரிதாகவும் நூல் அதில் சிறிதாகவும் தெரியும்.

செயற்கை நூல் கண்டுகளில் டிக்கெட் எண் போட்டிருப்பார்கள். 3000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும். டெக்ஸ் என்பது 1000 மீட்டர் நூலின் எடை, கிராமில். டிக்கெட் 120 என்றால் 25 டெக்ஸ், பொதுத் தையலுக்கான நூல். அதற்கு 75 முதல் 90 வரையான ஊசி. டிக்கெட் 180 என்றால் சுமார் 17 டெக்ஸ், மெல்லியது. 60 முதல் 70. டிக்கெட் 75 என்றால் 40 டெக்ஸ். 90 அல்லது 100. டிக்கெட் 30 என்றால் 100 டெக்ஸ், ஜீன்ஸின் மேலே தெரியும் தடித்த தையல்; அதற்கு 110 அல்லது அதற்கும் மேல், அல்லது நீண்ட காதுள்ள டாப்ஸ்டிச் 100.

எண் எதுவும் இல்லாத கண்டு கையில் இருக்கிறதா? ஒரு சோதனை செய்யலாம். சுமார் 30 செ.மீ. நூலை வெட்டி, மெஷினில் மாட்டாத ஊசியின் காதில் கோத்துக்கொள்ளுங்கள். நூலை இரு கையாலும் விறைப்பாகப் பிடித்து ஒரு முனையைச் சரிவாக உயர்த்துங்கள். ஊசி தானாகச் சறுக்கிக்கொண்டு இறங்கினால் பொருத்தம் சரி. பாதியில் சிக்கி நின்றால் ஒரு அளவு பெரிய ஊசி வேண்டும். கல்போல் விழுந்தால் ஊசி நூலுக்குப் பெரிது.

தடித்த நூலை மேலே போட்டால் பாபினிலும் (அடிநூல் சுற்றும் உருளை) அதையே சுற்ற வேண்டுமா?

வேண்டாம். பாபினில் சாதாரண டிக்கெட் 120 நூலே போதும். மேல் டென்ஷனை (மேல்நூலின் இறுக்கத்தை) சற்றுக் கூட்டி, தையல் நீளத்தை 3.5 அல்லது 4 மி.மீ. வைத்தால் அலங்காரத் தையல் எடுப்பாகத் தெரியும். தொடக்கத்தில் இரு நூல் முனைகளையும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தடித்த நூல் துணிக்கு அடியில் கூடு கட்டுவது பெரும்பாலும் முதல் மூன்று நான்கு தையலில்தான்.

பனியன் துணியில் தையல் விட்டு விட்டு விழுகிறது. டென்ஷனை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

டென்ஷனைத் தொட்டதை முதலில் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தையல் விடுவதற்கும் டென்ஷனுக்கும் தொடர்பு குறைவு.

என்ன நடக்கிறது என்றால், ஊசி அடிமட்டம் தொட்டு மேலே கிளம்பி இரண்டு, இரண்டரை மி.மீ. ஏறும்போது பின்னால் உள்ள நூல் துணியின் உரசலால் மேலே வர முடியாமல் புடைத்து வளையமாகிறது. கொக்கி அதைக் கொத்திக்கொண்டு போகிறது. இழுபடும் துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு தானும் மேலே எழும்பினால் நூல் புடைக்காது. வளையம் இல்லை, கொக்கி வெறுமனே சுற்றுகிறது, ஒரு தையல் போச்சு. ஸ்ட்ரெச் ஊசியின் வடிவம் இதைச் சரிக்கட்டத்தான்.

ஆகவே வரிசை இது: புது ஊசி போடுங்கள். பருத்தி பனியன் துணி என்றால் பால் பாயின்ட், லைக்ரா கலந்திருந்தால் ஸ்ட்ரெச். அப்போதும் விட்டால் ஓர் அளவு பெரிது போடுங்கள். 75-இல் விடுவது 90-இல் நிற்கும், வளையம் பெரிதாகும். பாதத்தின் அழுத்தம் மிகவும் குறைந்திருந்தால் துணி எழும்பும். அதைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். துணியைக் கையால் பின்னாலிருந்து இழுக்காதீர்கள், இழுத்தால் ஊசி வளைந்து கொக்கிக்கு எட்டாமல் போகும். இவ்வளவுக்குப் பிறகும் விட்டால்தான் கொக்கியின் நேரத்தைப் பார்க்க மெக்கானிக் தேவை.

தையல் விழுகிறது, ஆனால் அணிந்து இழுத்ததும் நூல் அறுகிறது என்றால் அது வேறு வியாதி. அதற்கு ஊசி மருந்தல்ல. நேர்த்தையலுக்குப் பதிலாக அகலம் குறைந்த ஜிக்ஜாக் போடுங்கள்.

துவைத்த பிறகு தையல் ஓரத்தில் பொடிப் பொடியாகப் பொத்தல் தெரிகிறது. தைக்கும்போது இல்லையே?

ஊசி அப்போதே இழையை அறுத்துவிட்டது, நூல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. துவைத்ததும் இழை பின்வாங்கிப் பொத்தல் திறந்துகொண்டது. கூர்முனை ஊசி, முனை ஒடிந்த பால் பாயின்ட், தேவைக்கு மீறித் தடித்த ஊசி, இவற்றில் ஒன்றுதான் காரணம். நிறையத் துணி தைக்கும் முன் ஒரு துண்டில் தைத்து, தையலுக்குக் குறுக்கே நன்றாக இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முடிந்தால் அதைத் துவைத்தும் பாருங்கள்.

சிஃபானைத் தைக்கத் தொடங்கினால் துணியே தகட்டுக்குள் போய்விடுகிறது.

ஜிக்ஜாக் தகட்டின் துளை அகலமானது. மெல்லிய துணிக்கு அதில் தாங்கல் இல்லை, ஊசி தள்ளினால் உள்ளே போய்விடுகிறது. நேர்த்தையல் தகடு இருந்தால் மாட்டுங்கள். அதன் துளை ஒரு சிறு வட்டம்தான். ஆனால் அதைக் கழற்ற மறந்து ஜிக்ஜாக் போட்டால் ஊசி தகட்டில் இடித்து உடையும். தகடு இல்லையென்றால் துணிக்கு அடியில் மெல்லிய டிஷ்யூ காகிதம் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடலாம். ஊசி 60 அல்லது 65, புதியது. தையல் நீளம் 1.5 முதல் 2 மி.மீ. தையலை விளிம்பிலிருந்து ஆரம்பிக்காமல் சற்று உள்ளே தள்ளித் தொடங்குங்கள்.

தைத்த வரி சுருங்கிக்கொண்டு நின்றால் ஊசியும் நூலும் துணிக்குத் தடிப்பு. நெருக்கமாக நெய்த இழைகளுக்கு நடுவே நூல் திணிக்கப்படும்போது இழைகள் ஒதுங்க இடமில்லாமல் துணி மேடுகட்டுகிறது. இஸ்திரி போட்டாலும் அது முழுதாகப் போகாது.

ஜீன்ஸ் அடிமடிப்பில் பக்கத்தையல் வரும் இடத்தில் ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது.

அங்கே ஆறு, எட்டு அடுக்கு சேர்கிறது. ஊசி உடைவதற்குத் தடிப்பு மட்டும் காரணமில்லை. மேட்டில் ஏறும்போது பாதம் முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து சாய்கிறது. பல் துணியை நகர்த்த முடியாமல் திணறுகிறது. நாம் பின்னாலிருந்து இழுக்கிறோம். ஊசி வளைந்து தகட்டில் குத்துகிறது. பாதத்தின் பின்பக்கம் அடியில் மடித்த துணியோ அட்டையோ வைத்துப் பாதத்தை மட்டமாக்குங்கள். அந்த இரண்டு அங்குலத்துக்கு மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மேட்டை முன்கூட்டியே மரச்சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினால் பாதி வேலை முடிந்தது. ஊசி ஜீன்ஸ் வகை 100, தேவைப்பட்டால் 110.

அதற்காக எப்போதும் 110 மாட்டியே வைக்கலாமா என்றால் வேண்டாம். வீட்டு மெஷின் கொக்கிக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள்தான். தடித்த ஊசியில் கொக்கி முனை உரசித் தேயலாம். அளவை மிகவும் மாற்றும்போதெல்லாம் சக்கரத்தைக் கையால் சுற்றி உரசல் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள்.

தோல் ஊசியால் ரெக்சினையும் தைக்கலாமா?

கூடாது. தோல் ஊசி துளைக்காமல் வெட்டுகிறது. உண்மையான தோலில் நார்கள் பின்னிக்கிடப்பதால் வெட்டு பரவாது. ரெக்சினில் ஒவ்வொரு வெட்டும் அடுத்ததோடு சேர்ந்து, தபால்தலை ஓரம்போல் கிழிந்துவிடும். ரெக்சினுக்கு மைக்ரோடெக்ஸ் அல்லது ஜீன்ஸ் 90. இரண்டிலும் தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. இருக்கட்டும். பிரித்தால் துளை அப்படியே நிற்கும் என்பதால் குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள். பின்தையல் போட்டு முடிப்பதைவிட நூல் முனைகளை அடிப்பக்கம் இழுத்து முடிச்சிடுவது மேல். தோல் ஊசியை நெய்த துணியிலோ பனியன் துணியிலோ போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

ஜரிகை நூலும் எம்பிராய்டரி நூலும் நிமிடத்துக்கொரு முறை அறுகின்றன.

ரேயான், பாலியெஸ்டர் 40 எண் எம்பிராய்டரி நூலுக்கு எம்பிராய்டரி ஊசி 75/11 போதும். அடர்த்தியான துணியில் 90/14. ஜரிகை நூல் வேறு குணம். உள்ளே ஓர் இழை, மேலே மெல்லிய உலோகத் தகடு சுற்றியது. காதில் உரசினால் தகடு மட்டும் உரிந்து மேலே குவியும், உள்ளிழை தனியே போகும். மெட்டாலிக் ஊசி 80 அல்லது 90 போடுங்கள். அது கிடைக்காவிட்டால் டாப்ஸ்டிச் 90 அதே வேலையைச் செய்யும், இரண்டுக்கும் நீண்ட காது. வேகத்தைப் பாதியாக்குங்கள். மேல் டென்ஷனை ஓர் எண் இரண்டு எண் குறையுங்கள். கண்டை மெஷினுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் நூலின் முறுக்கு வழியிலேயே தளரும். தட்டையான ஜரிகை என்றால் கண்டு நிமிர்ந்து நின்று தானே சுழன்று நூலை விட வேண்டும். படுத்த கண்டின் முனை வழியே உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும்.

இரட்டை ஊசியில் 4.0/75 என்றால்?

இரண்டு ஊசிக்கும் இடைவெளி 4 மி.மீ., ஒவ்வொன்றும் 75 அளவு. முன்னிருந்து பின்னாக நூல் கோக்கும் ஜிக்ஜாக் மெஷினில் மட்டும் மாட்டலாம். இடைவெளி உங்கள் தகட்டுத் துளைக்குள் அடங்க வேண்டும். தையலை நடு நிலையில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு மிதியுங்கள். மேலே இரண்டு கண்டு, கீழே ஒரே பாபின். அந்த ஒற்றை அடிநூல்தான் இரு வரிகளுக்கும் நடுவே குறுக்காக ஓடுகிறது, அதனால் துணி நடுவில் வரப்புபோல் எழும்பும். வரப்பு வேண்டாமென்றால் மேல் டென்ஷனைக் குறையுங்கள். பனியன் துணி அடிமடிப்புக்கு ஸ்ட்ரெச் இரட்டை ஊசி வாங்குங்கள், யுனிவர்சல் இரட்டை அங்கே தையல் விடும்.

ஊசி உறையில் நிறப்பட்டை எதற்கு? தங்க நிற ஊசி உசத்தியா?

பட்டை ஊசியின் தலையிலேயே பூசப்பட்டிருக்கும். ஷ்மெட்ஸ் ஊசிகளில் மஞ்சள் ஸ்ட்ரெச், நீலம் ஜீன்ஸ், ஊதா மைக்ரோடெக்ஸ், பச்சை குவில்டிங், சிவப்பு எம்பிராய்டரி. மற்ற நிறுவனங்களின் நிறக்கணக்கு வேறு, அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிங்கர் ஊசியில் எண்ணைப் பாருங்கள்: 2020 சாதாரணம், 2045 பால் பாயின்ட். தலையில் பொறித்திருக்கும் அளவு எண்ணை உருப்பெருக்கியால் படிக்கலாம்.

தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. தேய்மானம் குறையும், நீண்ட நேரம் எம்பிராய்டரி ஓடுகிறவர்களுக்குப் பயன். வாரம் ஒரு ரவிக்கை தைப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஓர் ஊசியை எவ்வளவு காலம் பயன்படுத்தலாம்?

வீட்டு மெஷினில் சுமார் 8 மணி நேரத் தையல் என்பது பொதுவான கணக்கு. பாலியெஸ்டர், டெனிம், பசை தடவிய துணி என்றால் அதற்கு முன்பே போய்விடும். ஊசி உடையும்வரை காத்திருப்பதுதான் பரவலான வழக்கம். அதுதான் துணியைக் கெடுப்பதும். "டொக் டொக்" என்று குத்தும் ஒலி, இழை இழுபட்டுத் துணியில் கோடு விழுவது, திடீரென்று தையல் விடுவது, மூன்றில் ஒன்று வந்தாலும் மாற்றுங்கள். நுனியை நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள், கீறல் விழுந்தால் நுனி மடங்கிவிட்டது. வளைவைக் காண, தட்டைப் பக்கத்தைக் கண்ணாடியின் மேல் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். தண்டுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி நுனிவரை ஒரே சீராக இருக்க வேண்டும்.

பாதி ஓடிய ஊசியை உறையில் திருப்பி வைத்தால் புதிதோடு கலந்துவிடும். குண்டூசித் தலையணையைப் பகுதிகளாகப் பிரித்து, அளவை எழுதி, அங்கே குத்தி வையுங்கள்.

முதன்முதலாக வாங்குகிறேன். எவையெல்லாம் வேண்டும்?

யுனிவர்சல் 80 ஒரு உறை, 90 ஒரு உறை. மைக்ரோடெக்ஸ் 70. ஸ்ட்ரெச் 75, பனியன் துணிக்கும் இதையே போட்டுச் சமாளிக்கலாம். ஜீன்ஸ் 100. மற்றவற்றை அந்த வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

உடைந்த ஊசித் துண்டு கிடைக்கவில்லை. தொடர்ந்து தைக்கலாமா?

தேடி எடுக்கும்வரை மிதிக்காதீர்கள். தகட்டைக் கழற்றி, பாபின் கேஸை எடுத்து, பல்லின் இடுக்கிலும் கொக்கியைச் சுற்றியும் காந்தத்தை நீட்டித் துழாவுங்கள். மேலே கவ்வியில் நிற்கும் மீதித் துண்டோடு சேர்த்து வைத்து முழு ஊசியின் நீளத்தோடு ஒப்பிட்டால் இன்னும் துண்டு பாக்கியா என்று தெரியும். துணி மடிப்பிலும் பாருங்கள், நுனி அங்கே குத்திக்கொண்டு நிற்பதுண்டு. கொக்கியின் முனையிலோ தகட்டின் துளை ஓரத்திலோ கீறல் விழுந்திருந்தால், மிக நுண்ணிய எமரித் தாளால் அந்தச் சொரசொரப்பை மட்டும் தேய்த்து எடுங்கள்; இல்லாவிட்டால் புது ஊசி போட்ட பிறகும் நூல் அங்கேதான் அறும்.